மருத்துவக் காப்பீட்டில் கழிக்கப்பட்ட தொகையைக் கணக்கிட்டுப் பார்ப்பது எப்படி: செலவுச் சொற்களுக்கு ஒரு வழிகாட்டி

மருத்துவமனை பில் 1,20,000 ரூபாய். காப்பீட்டு நிறுவனம் கொடுத்தது 95,950 ரூபாய். காப்புத் தொகை, அதாவது நிறுவனம் ஓராண்டில் தரக்கூடிய உச்சத் தொகை, இரண்டு லட்சம் இருக்கும்போது மீதி 24,050 ரூபாய் ஏன் கையிலிருந்து போனது என்று கேட்டால், "பாலிசி விதிமுறைகளின்படி கழிக்கப்பட்டது" என்ற ஒற்றை வரிதான் பெரும்பாலும் பதிலாக வரும். அந்த ஒரு வரிக்குள் நான்கைந்து தனித்தனிக் கழிவுகள் அடங்கியிருக்கும். ஒவ்வொன்றுக்கும் பாலிசிப் பத்திரத்தில் ஒரு பெயரும் ஒரு வரையறையும் ஒரு கணக்கு முறையும் உண்டு. அவற்றுள் சில சரியான கழிவுகள். சில கேள்வி கேட்கத் தக்கவை. சில அப்பட்டமாகத் தவறானவை. மூன்றையும் பிரித்தறியும் வழியைத்தான் இந்தக் கட்டுரை சொல்கிறது. இந்தியாவில் தனிநபருக்கும் குடும்பத்துக்கும் விற்கப்படும், ஆன செலவை ஈடுசெய்யும் வகைப் பாலிசிகளையே இங்கே எடுத்துக்கொண்டுள்ளேன். குறிப்பிட்ட நோய் வந்தால் ஒரே தொகையாகக் கொடுத்துவிடும் பாலிசிகளுக்கு இந்தக் கணக்குகள் எதுவும் பொருந்தாது.

மேலே சொன்ன எண்கள் விளக்கத்துக்காக அமைத்தவை. ஒருவர் குடலிறக்க அறுவைக்காக நான்கு நாள் மருத்துவமனையில் தங்கினார். பாலிசி நான்காம் ஆண்டில் இருப்பதால், சில நோய்களுக்குத் தொடக்க ஆண்டுகளில் பணம் தராத காத்திருப்புக் காலச் சிக்கல் இல்லை. அறை வாடகைக்குக் காப்புத் தொகையில் 2 சதவீதம், அதாவது நாளொன்றுக்கு 4,000 ரூபாய் வரம்பு. ஒவ்வொரு க்ளைமிலும் அவரே ஏற்க வேண்டிய பங்கான கோ-பே 5 சதவீதம். அவர் எடுத்த அறையின் வாடகை 5,000 ரூபாய். இந்த ஒரே பில்லை வைத்துக்கொண்டு சொல் சொல்லாகப் பார்ப்போம்.

முதலில் திரட்ட வேண்டிய தாள்கள்

நான்கு தாள்கள் கையில் இல்லாமல் தொடங்க வேண்டாம். முதலாவது, முழுப் பாலிசிப் பத்திரம். முகவர் கொடுத்த விளம்பரத் தாளோ பிரீமியம் ரசீதோ இதற்கு ஈடாகாது. வரையறைகள், விலக்குகள், வரம்புகள் எல்லாம் முழுப் பத்திரத்தில்தான் இருக்கும். இரண்டாவது, உங்கள் பெயர், காப்புத் தொகை, கூடுதல் நிபந்தனைகள் அச்சிடப்பட்ட பாலிசி அட்டவணை. கோ-பே சதவீதமும் அறை வரம்பும் சில பாலிசிகளில் இந்த அட்டவணையில் மட்டுமே காணப்படும். மூன்றாவது, வரிவாரியாகப் பிரித்த இறுதி மருத்துவமனை பில். "மருந்து 18,000" என்ற சுருக்க பில் போதாது. நான்காவது, எந்த வரியில் எவ்வளவு கழித்தார்கள், எந்தக் காரணத்தால் கழித்தார்கள் என்று காட்டும் தீர்வுக் கடிதம். கேஷ்லெஸ் முறையில் பணம் நேராக மருத்துவமனைக்குப் போய்விடுவதால் பலர் இந்தக் கடிதத்தைக் கேட்டு வாங்குவதே இல்லை. நிறுவனத்திடமோ, அதன் சார்பில் க்ளைம்களைக் கையாளும் டிபிஏ-விடமோ மின்னஞ்சலில் கேட்டுப் பெறலாம்.

எந்தச் செலவு ஏற்கத்தக்கது

மருத்துவமனையில் ஆன செலவு எல்லாம் காப்பீட்டுக் கணக்கில் செலவாக ஏற்கப்படாது. அது மூன்று வாசல்களைக் கடந்து வர வேண்டும். அந்தச் செலவு நோயாளிக்காக உண்மையாகவே செய்யப்பட்டிருக்க வேண்டும். மருத்துவத் தேவையால் எழுந்ததாக இருக்க வேண்டும். கட்டணம் நியாயமானதாகவும் வழக்கமானதாகவும் இருக்க வேண்டும். மூன்றையும் கடந்து வந்த தொகையைத்தான் ஏற்கத்தக்க தொகை என்கிறார்கள். பிறகு வரும் எல்லாச் சதவீதங்களும் இந்தத் தொகையின் மீதே போடப்படுகின்றன.

மருத்துவத் தேவை என்ற வாசலில் சிக்குவது பெரும்பாலும் பரிசோதனைக்காக மட்டும் சேர்க்கப்பட்டவர்களின் க்ளைம்கள்தான். இரண்டு நாள் படுக்கவைத்து ஸ்கேனும் ரத்தப் பரிசோதனையும் மட்டும் செய்து, ஊசியோ மருந்தோ எதுவும் இல்லாமல் அனுப்பியிருந்தால், வீட்டிலிருந்தே செய்திருக்கக்கூடிய பரிசோதனை என்று சொல்லி முழு க்ளைமையும் மறுப்பார்கள். ஆகவே டிஸ்சார்ஜ் சம்மரியில் அன்றாடம் தரப்பட்ட சிகிச்சை எழுதப்பட்டிருக்கிறதா என்று மருத்துவமனையை விட்டுக் கிளம்பும் முன்பே பார்த்துவிடுங்கள்; பிறகு போய்த் திருத்தச் சொன்னால் சந்தேகத்துக்குத்தான் இடமாகும்.

நியாயமான, வழக்கமான கட்டணம் என்பது காப்பீட்டு நிறுவனங்கள் மிகத் தாராளமாகப் பயன்படுத்தும் சொற்றொடர். அதன் வரையறையைப் படித்தால் இரண்டு அளவுகோல்கள் தெரியும்: அந்த மருத்துவமனை எல்லோரிடமும் வழக்கமாக வாங்கும் கட்டணம் எவ்வளவு, அதே வட்டாரத்தில் அதே போன்ற சிகிச்சைக்கு நடப்பிலுள்ள கட்டணம் எவ்வளவு. நோயின் தன்மையையும் கணக்கில் எடுக்க வேண்டும் என்று அதே வரையறை சொல்கிறது. எனவே "கட்டணம் அதிகம்" என்று சொல்லி 15,000 ரூபாயைக் கழித்தால், எந்த மருத்துவமனைகளின் எந்தக் கட்டணத்தோடு ஒப்பிட்டீர்கள் என்று எழுத்தில் கேட்பது முழுக்க முறையானது. ஒப்பீட்டு விவரமே காட்டாத கழிவு நிலைப்பது கடினம். மருத்துவமனையின் கட்டண அட்டையை வாங்கிக் கடிதத்தோடு இணைத்தால் முதல் அளவுகோலுக்கு அதுவே சான்று.

செலுத்தப்படாத பொருட்கள்: நான்கு பட்டியல்கள்

நம் எடுத்துக்காட்டில் முதலில் கழிக்கப்படுவது 3,000 ரூபாய். கையுறை, முகக்கவசம், சான்றிதழ் கட்டணம், "ஓ.டி. கிட்" (அறுவை அரங்குப் பொருட்களின் தொகுப்பு) என்ற பெயரில் ஒரு வரி ஆகியவற்றின் தொகை அது. "நான்-மெடிக்கல்", "நான்-பேயபிள்" என்று கடிதத்தில் வருவது இதுதான்.

காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐஆர்டிஏஐ இந்தப் பொருட்களை நான்கு பட்டியல்களாகப் பிரித்திருக்கிறது. பெரும்பாலான பாலிசிகளின் பின்னிணைப்பில் அந்தப் பட்டியல்களைக் காணலாம். முதல் பட்டியலில் உள்ளவை பாலிசியில் தனியாகச் சேர்க்கப்படாவிட்டால் காப்பீட்டில் வராதவை: கையுறை, முகக்கவசம், டயப்பர், தொலைபேசிக் கட்டணம், உடன் தங்குபவரின் செலவு, நகல் எடுக்கும் கட்டணம் போன்றவை. இரண்டாம் பட்டியலில் உள்ளவை அறை வாடகைக்குள்ளேயே அடங்க வேண்டியவை: போர்வை, ஏசி கட்டணம், கோப்பு திறக்கும் கட்டணம், டிஸ்சார்ஜ் நடைமுறைக் கட்டணம், நோயாளியின் கையில் கட்டும் அடையாளப் பட்டை. மூன்றாவது, அறுவை அல்லது சிகிச்சை முறைக் கட்டணத்துக்குள் அடங்க வேண்டியவை: பஞ்சு, அறுவை பிளேடு, எக்ஸ்ரே ஃபிலிம். நான்காவது, சிகிச்சைச் செலவுக்குள் அடங்க வேண்டியவை: பதிவுக் கட்டணம், சிறுநீர்ப் பை, ஆல்கஹால் துடைப்பான் முதலியன.

இந்தப் பிரிவின் பொருளைப் பலர் கவனிப்பதில்லை. முதல் பட்டியலின் கழிவு உங்கள் பொறுப்பு. அதைப் பற்றி நிறுவனத்தோடு சண்டையிட்டுப் பயனில்லை. மற்ற மூன்று பட்டியல்களிலும் உள்ளவை தனி வரியாக பில்லில் வந்திருக்கவே கூடாதவை. அறைக்கு 5,000 ரூபாய் வாங்கிய மருத்துவமனை, அதற்கு மேல் ஏசிக்கும் போர்வைக்கும் தனியாக எழுதினால், அங்கே கேள்வி கேட்க வேண்டியது மருத்துவமனையின் பில்லிங் பிரிவிடம். டிஸ்சார்ஜ் ஆவதற்கு முன், பணம் கட்டாத நிலையில் கேட்டால் இந்த வரிகள் எளிதில் நீங்கும். பணம் கட்டிய பிறகு கேட்டால் நடையாய் நடக்க வேண்டியதுதான்.

"கிட்" என்ற வரிக்கு ஒரு தனிக் குறிப்பு. உள்ளடக்கம் சொல்லாத எந்தக் கிட்டும் செலுத்தப்படாது என்று முதல் பட்டியலிலேயே இருக்கிறது. அந்தக் கிட்டுக்குள் தையல் நூலும் ஊசிக் குழாயும் இருந்திருக்கலாம். ஆனால் பில்லில் விவரம் இல்லாததால் முழுத் தொகையும் போய்விடும். "இந்தக் கிட்டில் என்னென்ன இருந்தன என்று பொருள்வாரியாகப் பிரித்து எழுதித் தாருங்கள்" என்று பில் தயாராகும் நாளில் கேட்டாலே அந்த வரியின் ஒரு பகுதியேனும் ஏற்கத்தக்க செலவாக மாறிவிடும்.

அறை வாடகையும் விகிதாசாரக் கழிவும்

காப்பீட்டுக் கணக்கில் அதிகப் பணம் கரைவது இங்கேதான். நாளொன்றுக்கு 1,000 ரூபாய் கூடுதலான அறையை எடுத்தால் நான்கு நாளுக்கு 4,000 ரூபாய்தான் கையிலிருந்து போகும் என்று நினைப்பது இயல்பு. ஆனால் வரம்புக்கு மேற்பட்ட அறையை எடுத்தவருக்கு, அறை வாடகை மட்டுமின்றி, அறையின் தரத்தைப் பொறுத்து மாறும் மற்றக் கட்டணங்களும் அதே விகிதத்தில் குறைக்கப்படும். தனி அறையில் இருப்பவரிடம் அறுவை மருத்துவரும் மயக்க மருத்துவரும் கூடுதலாக வாங்குகிறார்கள், அந்தக் கூடுதலை நாங்கள் ஏற்க மாட்டோம் என்பது நிறுவனங்களின் வாதம். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பல மருத்துவமனைகளில் கட்டணம் அப்படித்தான் அமைந்திருக்கிறது.

கணக்கைப் பார்ப்போம். வரம்பு 4,000, எடுத்த அறை 5,000. ஆகவே விகிதம் 80 சதவீதம். பில்லில் அறை, உணவு, செவிலியர் கட்டணம் நான்கு நாளுக்கு 20,000. மருத்துவர்கள், அறுவை அரங்கு முதலியவற்றுக்கு 60,000. மருந்தும் நுகர்பொருட்களும் 18,000. உள்ளே பொருத்திய வலை 12,000. பரிசோதனைகள் 7,000. செலுத்தப்படாத பொருட்கள் 3,000. மொத்தம் 1,20,000.

அறைக்கான 20,000 ரூபாய் 16,000 ஆகிறது. மருத்துவர், அரங்குக் கட்டணங்களான 60,000 ரூபாய் 48,000 ஆகிறது. மருந்து, வலை, பரிசோதனை ஆகிய மூன்றும் சேர்ந்த 37,000 ரூபாய் குறையாமல் அப்படியே நிற்கிறது. ஏற்கத்தக்க தொகை 1,01,000 ரூபாய். இதில் 5 சதவீதக் கோ-பே 5,050 போக, நிறுவனம் தர வேண்டியது 95,950. கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன தொகை இதுதான். அறையில் 1,000 ரூபாய் கூடுதலாகப் போனதால் ஏற்கத்தக்க தொகையில் குறைந்தது 4,000 ரூபாய் அல்ல, 16,000 ரூபாய்.

அந்த 37,000 ரூபாய் ஏன் தொடப்படவில்லை? விகிதாசாரக் கழிவு எவற்றின் மீது போடப்படலாம் என்பதற்கு "அசோசியேட் மெடிக்கல் எக்ஸ்பென்சஸ்" (அறையோடு சேர்ந்து மாறும் மருத்துவச் செலவுகள்) என்ற வரையறை உண்டு. மருந்தும் நுகர்பொருட்களும், உடலுக்குள் பொருத்தும் கருவிகளும், நோயறி பரிசோதனைகளும் அந்த வரையறைக்குள் வரக்கூடாது என்று 2020-இல் ஐஆர்டிஏஐ வெளியிட்ட வழிகாட்டுதல் சொன்னது. தீவிர சிகிச்சைப் பிரிவுக் கட்டணத்தின் மீது விகிதாசாரக் கழிவு கூடாது என்றும், அறையின் தரத்தைப் பொறுத்துக் கட்டணத்தை மாற்றாத மருத்துவமனைகளில் இந்தக் கழிவே கூடாது என்றும் அதே வழிகாட்டுதலில் இருந்தது. அதற்குப் பின் வந்த பாலிசிகளின் வரையறைப் பகுதியில் இந்த வாசகங்களைத் தேடிப் பாருங்கள். உங்கள் பத்திரத்தில் அச்சாகியிருப்பதுதான் உங்களையும் நிறுவனத்தையும் கட்டுப்படுத்தும்.

தவறு நேர்வதும் இங்கேதான். மொத்த பில்லின் மீது 80 சதவீதத்தைப் போட்டுவிடுவதால் மருந்துக்கும் வலைக்கும் பரிசோதனைக்கும் சேர்த்து 7,400 ரூபாய் கழிந்துவிடும். கோ-பே கணக்கையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு வருவது 7,030 ரூபாய் குறைவாக, 88,920 ஆக இருக்கும். தீர்வுக் கடிதத்தில் மருந்து வரிக்கு எதிரே "ப்ரொபோர்ஷனேட்" என்ற சொல் இருந்தால் உடனே நிமிர்ந்து உட்காருங்கள். மருத்துவமனை எல்லா அறைகளுக்கும் ஒரே அறுவைக் கட்டணம் வாங்குகிறது என்றால், அதை மருத்துவமனையின் கடிதத்தாளில் எழுதி வாங்கிக் கொடுத்தால் 12,000 ரூபாய்க் கழிவையும் எதிர்த்து நிற்கலாம்.

வரம்பில் எதெது அடங்கும் என்பதையும் கவனிக்க வேண்டும். 2020 ஏப்ரலில் எல்லா நிறுவனங்களும் ஒரே வடிவில் விற்க வேண்டும் என்று அறிமுகமான ஆரோக்ய சஞ்சீவனி பாலிசியில், காப்புத் தொகையில் 2 சதவீதம், அதிகபட்சம் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் என்ற வரம்பு அறை, உணவு, செவிலியர் கட்டணம் மூன்றுக்கும் சேர்த்து. அறை வாடகை 4,500, செவிலியர் கட்டணம் 900 என்று தனித்தனியாக எழுதிய பில்லைப் பார்த்து, வாடகை வரம்புக்குள்தான் இருக்கிறது என்று நிம்மதியடைந்தவர்கள், இரண்டும் சேர்ந்தால் வரம்பைத் தாண்டுவதைத் தீர்வுக் கடிதம் வந்த பிறகே அறிகிறார்கள்.

கோ-பே, டிடக்டபிள், உள்வரம்பு

மூன்றும் உங்கள் பங்கைக் குறிப்பவை. ஆனால் மூன்றும் மூன்று விதமாக வேலை செய்கின்றன. கோ-பே என்பது ஏற்கத்தக்க தொகையில் ஒரு சதவீதம். ஒவ்வொரு க்ளைமிலும் உண்டு. டிடக்டபிள் என்பது ஒரு நிலையான தொகை. அதுவரை நீங்கள் ஏற்க வேண்டும், அதற்கு மேல் நிறுவனம் ஏற்கும். உள்வரம்பு என்பது குறிப்பிட்ட சிகிச்சைக்கோ சேவைக்கோ மட்டும் வைத்த உச்சம். ஆரோக்ய சஞ்சீவனியில் கண்புரை அறுவைக்கு ஒரு கண்ணுக்குக் காப்புத் தொகையில் 25 சதவீதம் அல்லது 40,000 ரூபாய், இவற்றில் எது குறைவோ அது, ஆம்புலன்சுக்கு ஒரு முறைக்கு 2,000 ரூபாய், இவை உள்வரம்புகள்.

டிடக்டபிள் பெரும்பாலும், குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட செலவுக்காகக் கூடுதலாக எடுக்கும் டாப்-அப் பாலிசிகளில் வரும். மூன்று லட்சம் டிடக்டபிள் உள்ள சாதாரண டாப்-அப் எடுத்தவர் ஒரே ஆண்டில் இரண்டு முறை சேர்க்கப்பட்டு, இரண்டு லட்சமும் இரண்டரை லட்சமும் செலவானால், தனித்தனியாக எந்தச் செலவும் மூன்று லட்சத்தைத் தாண்டாததால் ஒன்றும் கிடைக்காது. சூப்பர் டாப்-அப் என்றால் ஆண்டுச் செலவு முழுவதையும் கூட்டி, நாலரை லட்சத்தில் மூன்று போக ஒன்றரை லட்சம் கிடைக்கும். பிரீமியத்தில் இரண்டுக்கும் இருக்கும் வேறுபாட்டைப் பார்த்து மலிவானதை எடுப்பவர்கள் இந்தக் கணக்கையும் ஒருமுறை போட்டுப் பார்ப்பது நல்லது.

கழிவுகளின் வரிசை பணத்தை மாற்றும் என்பதற்கு ஒரு சான்று. காப்புத் தொகை இரண்டு லட்சம், ஏற்கத்தக்க தொகை மூன்று லட்சம், கோ-பே 10 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். மூன்று லட்சத்தில் 30,000 கழித்தால் 2,70,000; அது காப்புத் தொகையைத் தாண்டுவதால் முழு இரண்டு லட்சமும் கிடைக்க வேண்டும். முதலில் இரண்டு லட்சமாகச் சுருக்கி, பிறகு 10 சதவீதம் கழித்தால் 1,80,000தான். கோ-பே காப்புத் தொகையைக் குறைக்காது என்பது அதன் வரையறையிலேயே சொல்லப்பட்ட செய்தி. பாலிசி தெளிவாக வேறு வரிசையைச் சொல்லாதவரை, முதல் கணக்கே சரி என்று வாதிட இடமிருக்கிறது. ஒப்பந்த வாசகம் இரு பொருள் தரும்போது, அதை எழுதியவருக்கு எதிரான பொருளையே கொள்ள வேண்டும் என்ற சட்டக் கொள்கையைக் காப்பீட்டு வழக்குகளில் நம் நீதிமன்றங்கள் பயன்படுத்தி வந்திருக்கின்றன.

சேர்வதற்கு முன்னும் பின்னும்

மருத்துவமனையில் சேர்வதற்கு முந்தைய 30 நாள், வெளியேறிய பின் 60 நாள் என்பது பல பாலிசிகளில் காணும் அளவு. சிலவற்றில் இன்னும் அதிகம். முந்தைய நாட்களைச் சேர்ந்த தேதியிலிருந்து பின்னோக்கியும், பிந்தைய நாட்களை வெளியேறிய தேதியிலிருந்து முன்னோக்கியும் எண்ண வேண்டும். செலவு அதே நோய்க்கானதாக இருக்க வேண்டும். முதன்மை க்ளைம் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். மருந்துக் கடை பில்லோடு மருத்துவரின் சீட்டு, பரிசோதனை பில்லோடு அதன் அறிக்கை என்று சோடி சேர்த்து வையுங்கள். கேஷ்லெஸ் எடுத்தவர்களில் பெரும்பாலோர், எல்லாம் முடிந்தது என்று எண்ணி இந்த 90 நாள் செலவைக் கேட்பதே இல்லை. ஆரோக்ய சஞ்சீவனியில் பிந்தைய சிகிச்சை முடிந்த 15 நாளுக்குள் கேட்க வேண்டும். உங்கள் பாலிசியின் கெடுவைப் பார்த்து நாட்காட்டியில் குறித்துவிடுங்கள்.

இரண்டு பாலிசிகள் இருந்தால் எதில் முதலில் கேட்பது என்ற தேர்வு உங்களுடையது. முதல் நிறுவனத்தின் தீர்வுக் கடிதத்தையும் அசல் பில்களின் சான்றிட்ட நகல்களையும் கொண்டு மீதியை இரண்டாம் நிறுவனத்திடம் கேட்கலாம். ஆனால் ஒரே ரூபாயை இரண்டு இடத்தில் வாங்க முடியாது. ஈடுசெய்யும் பாலிசியின் அடிப்படையே ஆன செலவுக்கு மேல் ஆதாயம் கூடாது என்பதுதான்.

தொழில் செய்பவரின் கணக்கில்

கடை நடத்துபவர் தம் பணியாளர்களுக்காகக் கட்டும் மருத்துவக் காப்பீட்டு பிரீமியம் தொழில் செலவு. ரொக்கமாகக் கட்டக்கூடாது என்பது 1961-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் நிபந்தனை. தனி உரிமையாளர் தமக்கும் தம் குடும்பத்துக்கும் கட்டும் பிரீமியம் தொழில் செலவாகாது. அதைக் கடைக் கணக்கில் எழுதினால் சொந்தச் செலவு என்று தள்ளப்படும். அது பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு 1961 சட்டத்தின் 80டி பிரிவின் கீழ் வரும்: 25,000 ரூபாய் வரை, மூத்த குடிமக்களுக்கு 50,000 வரை. பிரிவு எண்கள் 2025-ஆம் ஆண்டின் புதிய வருமான வரிச் சட்டத்தில் மாறியிருக்கின்றன. நம் எடுத்துக்காட்டில் கையிலிருந்து கட்டிய 24,050 ரூபாய்க்கு 80டி-யில் இடமில்லை. காப்பீடே இல்லாத மூத்த குடிமக்களின் மருத்துவச் செலவுக்கு மட்டுமே அங்கே சலுகை உண்டு. தனிநபர் மருத்துவப் பாலிசிகளின் பிரீமியத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி இல்லை; பணியாளர்களுக்கான குழுப் பாலிசிகளுக்கு அந்த விலக்கு பொருந்தாது.

கழிவை எதிர்த்து எழுதும்போது

கேஷ்லெஸ் கோரிக்கைக்கு ஒரு மணி நேரத்திலும், டிஸ்சார்ஜ் அனுமதிக்கு மூன்று மணி நேரத்திலும் நிறுவனம் முடிவு சொல்ல வேண்டும் என்று 2024 மே மாதத்தில் ஐஆர்டிஏஐ உத்தரவிட்டது. மூன்று மணி நேரத்துக்கு மேல் தாமதித்ததால் மருத்துவமனை கூடுதல் கட்டணம் விதித்தால் அதை நிறுவனமே ஏற்க வேண்டும். எனவே பில்லிங் பிரிவு எத்தனை மணிக்கு இறுதி பில்லை அனுப்பியது, அனுமதி எத்தனை மணிக்கு வந்தது என்பதைக் குறித்து வைத்திருங்கள். மறுநாள் அறை வாடகை ஏறியிருந்தால் அந்த இரண்டு நேரங்களே உங்கள் சான்று.

கடிதத்தில் "குறைத்துத் தந்துவிட்டீர்கள்" என்று பொதுவாக எழுதுவதால் பயன் குறைவு. வரி, தொகை, பாலிசி விதி மூன்றையும் ஒன்றாக வையுங்கள். இப்படி எழுதலாம்: "தீர்வுக் கடிதத்தில் மருந்து, உள்வைப்பு, பரிசோதனை ஆகிய மூன்று வரிகளில் விகிதாசார அடிப்படையில் 7,400 ரூபாய் கழிக்கப்பட்டுள்ளது. பாலிசியின் வரையறைப் பகுதியின்படி இம்மூன்றும் விகிதாசாரக் கழிவுக்கு உட்பட்டவை அல்ல. எனவே கோ-பே போக 7,030 ரூபாயை, தாமதத்துக்குரிய வட்டியுடன் வழங்கக் கோருகிறேன். மறுப்பதாயின் எந்த விதியின் கீழ் மறுக்கிறீர்கள் என்று எழுத்தில் தெரிவிக்கவும்." க்ளைம் தீர்வில் தாமதம் நேர்ந்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்துக்கு மேல் 2 சதவீத வட்டி தர வேண்டும் என்பது விதி, நீங்களாகக் கேட்காவிட்டால் அது நினைவுக்கு வருவது அரிது. இந்தக் கடிதம் நிறுவனத்தின் குறைதீர் அதிகாரிக்குப் போக வேண்டும். கூடவே ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா என்ற இணையப் புகார்த் தளத்திலும் பதியலாம்.

ஒரு மாதத்தில் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் திருப்தி தராவிட்டாலோ, காப்பீட்டுப் புகார்களை விசாரித்துத் தீர்ப்பு தரும் காப்பீட்டு ஒம்பட்ஸ்மனிடம் போகலாம். தமிழ்நாட்டுக்கும் புதுச்சேரி நகரத்துக்கும் காரைக்காலுக்கும் உரிய அலுவலகம் சென்னையில் உள்ளது. கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் தேவையில்லை. நிறுவனம் மறுத்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் எழுத வேண்டும். அதே விஷயம் நீதிமன்றத்திலோ நுகர்வோர் ஆணையத்திலோ நிலுவையில் இருக்கக்கூடாது. 50 லட்சம் ரூபாய் வரையிலான தீர்ப்பை அவர் வழங்கலாம். தொடர்புடைய செலவுகளும் அந்த உச்சத்துக்குள் அடங்கும். ஆனால் உங்களுக்கு நேரடியாக நேர்ந்த இழப்பைத் தாண்டி அவர் எதையும் தர மாட்டார். ஏழாயிரம், எட்டாயிரம் ரூபாய்க் கழிவுக்கு இதைவிடச் சிக்கனமான வழி இல்லை என்பது என் கருத்து. தீர்ப்பு நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும். உங்களுக்கு ஏற்பில்லை என்றால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போக வழி திறந்தே இருக்கும்.

மன உளைச்சலுக்கு இழப்பீடும் வழக்குச் செலவும் வேண்டும் என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையமே இடம். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குத் தொடுக்கலாம். செலுத்திய பிரீமியம் ஐந்து லட்சத்துக்குள் இருந்தால் மனுக் கட்டணம் இல்லை. கெடு இரண்டு ஆண்டு. ஒம்பட்ஸ்மன் முன் புகார் இருக்கும் காலத்திலும் அந்தக் கெடு ஓடிக்கொண்டே இருக்கும் என்று கருதி நடப்பதுதான் பாதுகாப்பு.

மனுவின் கோரிக்கைப் பகுதியில் நான்கு தொகைகளையும் தனித்தனியாகக் கேளுங்கள்: தவறாகக் கழித்த தொகை, அதற்கு எந்தத் தேதியிலிருந்து எவ்வளவு வட்டி, சேவைக் குறைபாட்டுக்கும் மன உளைச்சலுக்கும் இழப்பீடு, வழக்குச் செலவு. கடைசியாகச் சொன்னது செலவுத்தொகை என்ற பெயரில் தீர்ப்பில் வரும். தோற்றவர் வென்றவருக்குத் தர வேண்டிய இந்தத் தொகையின் அளவை ஆணையமே முடிவு செய்யும், வழக்கறிஞருக்கு நீங்கள் கொடுத்ததெல்லாம் திரும்பி வந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நான்கையும் கூட்டி ஒரே எண்ணாக எழுதிவிட்டால், கழிவு தவறு என்று ஆணையம் ஏற்றாலும் எதற்கு எவ்வளவு என்று பிரிக்க வழியின்றி வட்டி விடுபட்டுப்போகும். மனுவோடு பாலிசிப் பத்திரத்தின் வரையறைப் பக்கம், வரிவாரி பில், தீர்வுக் கடிதம், நீங்கள் எழுதிய கடிதம், அது போய்ச் சேர்ந்ததற்கான சான்று ஆகியவற்றைத் தேதி வரிசையில் எண்ணிட்டு இணையுங்கள்.